அரிசிச் சாக்கில் விதைத்த கீரை இரண்டு இலையோடு நின்றுவிட்டது, அவசர உதவி தேவை

தாம்பரம்_மாடி
வணக்கம். அரிசிச் சாக்கில் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கீரை வளர்க்கும் முறையைப் பார்த்து ஆசைப்பட்டு மாடியில் நான்கு சாக்கு வைத்தேன். சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்தேன். 5ஆம் நாளே முளைத்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். இன்றோடு 15 நாள். இரண்டு இலைக்கு மேல் வரவே இல்லை. இலை ஓரம் கருகி மஞ்சளாகிறது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன மருந்து அடிக்கலாம்? நாளைக்கே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை.

வேர்க்கடலை
சாக்குக்குள் என்ன நிரப்பினீர்கள் அக்கா? எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது? அடியில் தண்ணீர் வடிகிறதா? இதெல்லாம் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

பஞ்சகவ்யப்பிரியன்
சந்தேகமே வேண்டாம், சத்துக் குறைவு. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து மாலையில் தெளியுங்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன 3 சதவீத அளவு இதுதான். என் தோட்டத்தில் இது காப்பாற்றாத செடி இல்லை.

மண்வாசி
இந்த மன்றத்தின் பழைய உரையாடல்களைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சாக்கு, பாட்டில், குழாய் என்று வித்தை காட்டுவதற்கு முன் ஒரு தொட்டியில் மண்ணைப் போட்டு வெந்தயக்கீரை வளர்த்துப் பழகுங்கள். மூன்று நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் பறிக்கலாம். நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் பாடம் அதுதான். கோபத்தில் சொல்லவில்லை, காசும் மனசும் வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நெல்லைச்சீமை
முளைத்த புதிதில் கழுத்து அழுகி விழுகிற நோயாக இருக்கும். தண்டு தரையைத் தொடும் இடம் நூல் மாதிரி மெலிந்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் தண்ணீரைக் குறைத்து டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து ஊற்றுங்கள். தோட்டக்கலைத் துறை கொடுத்த மாடித்தோட்டத் தளையில் (கிட்)கூட அது வந்தது.

தாம்பரம்_மாடி
நூல் மாதிரி மெலியவில்லை, தண்டு நேராகத்தான் நிற்கிறது. வெயில் காலையிலிருந்து 2 மணி வரை. முழுக்கத் தென்னை நார்க்கழிவுதான் போட்டிருக்கிறேன், எடை குறைவு என்று சொன்னார்கள். 5 கிலோ கட்டி ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் வந்தது.

கோவைக்கொடி
முழுக்க நார்க்கழிவா? அதில் செடி நிற்கும், சாப்பிட ஒன்றும் இருக்காது. விதைக்குள் இருக்கும் உணவு தீர்ந்ததும் செடி பட்டினிதான். மக்காத நார்க்கழிவில் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல 100 மடங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் தமக்கு எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்கவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் தழைச்சத்துப் பட்டினி மட்டும் என்றால் இலை வெளிறும், ஓரம் கருகாது. ஓரம் கருகினால் எனக்கு உப்பின் மேல்தான் சந்தேகம். ஊறவைத்த தண்ணீரை வடித்து மாற்றினீர்களா? அப்புறம், சாக்கின் வெளிப்பக்கம் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? நக்கிப் பார்க்க வேண்டாம், விரலால் தேய்த்துப் பாருங்கள்.

பஞ்சகவ்யப்பிரியன்
யூரியாவா? வீட்டுக் குழந்தை சாப்பிடும் கீரைக்கு யூரியாவைப் பேசாதீர்கள்.

கோவைக்கொடி
அது கழிவை மக்கவைக்கும்போது போடுவது சகோ, கீரைக்குத் தூவச் சொல்லவில்லை. மக்கி முடித்தால் அந்த 100 மடங்கு 24 பக்கம் இறங்கிவிடும். யூரியா பிடிக்காதவர்கள் சாணமும் பச்சைத் தழையும் சேர்த்து மக்கவைக்கலாம், நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

தாம்பரம்_மாடி
ஐயோ ஆமாம்! ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் வெள்ளை வளையம். சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. மேலே நார்க்கழிவின் மீதும் பொரிந்து நிற்கிறது. பூஞ்சை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு முறைதான் ஊறவைத்தேன், வடிக்கவில்லை.

வேர்க்கடலை
அக்கா, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

தாம்பரம்_மாடி
நல்ல தண்ணீர்தான்.

வேர்க்கடலை
நல்ல தண்ணீர் என்றால்? மாநகராட்சியா, போரா, லாரியா?

தாம்பரம்_மாடி
ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகும் தண்ணீர். வீணாகப் போகிறதே என்று குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். போர் தண்ணீரில்தான் மெஷின் ஓடுகிறது.

கோவைக்கொடி
கிடைத்துவிட்டது சகோதரி. வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. நல்ல நீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, போரில் இருந்த உப்பையெல்லாம் மிச்ச நீரில் அடர்த்தியாக அனுப்புகிறது. நீங்கள் தினமும் கொஞ்சமாக ஊற்றுகிறீர்கள், நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. சாக்கு நாலாபுறமும் மூச்சு விடுவதால் தொட்டியைவிட வேகமாகக் காயும். அதனால்தான் ஓட்டையைச் சுற்றி வளையம். நார்க்கழிவிலும் ஏற்கெனவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உண்டு. பிஞ்சு வேர் தாங்காது.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஊற்றும் நீரையும் அடியில் வடியும் நீரையும் அளந்து சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை
விதைத்தது வராவிட்டால் பொன்னாங்கண்ணி வையுங்கள். கடையில் வாங்கும் கட்டிலிருந்து நான்கு தண்டை ஒடித்து நட்டால் போதும். சிவப்புப் பொன்னாங்கண்ணி என்றால் இரும்புச்சத்தும் அதிகம்.

மண்வாசி
சிவப்பாக விற்பது சீமைப் பொன்னாங்கண்ணி. நம் நாட்டுப் பொன்னாங்கண்ணி பச்சை இலை, ஒவ்வொரு கணுவிலும் காம்பில்லாமல் சின்ன வெள்ளைப் பூ ஒட்டிக்கொண்டிருக்கும். வயல் வரப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமி அது.

நெல்லைச்சீமை
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிவப்பைத்தான் சமைக்கிறோம் ஐயா. பருப்புப் போட்டுக் கடைந்தால் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடும். பெயர் சீமை என்பதற்காக அது கீரையே இல்லை என்று ஆகிவிடுமா?

மண்வாசி
கீரை இல்லை என்று யார் சொன்னது? வரப்போர நாட்டு ரகம் களைக்கொல்லியில் அழிந்துகொண்டிருக்கிறது. பெயரையும் மாற்றிவிட்டால் தேட ஆளே இருக்காது. என் ஆதங்கம் அது. யாருக்காவது நாட்டுத் தண்டு வேண்டும் என்றால் ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன், தபால் செலவுகூட வேண்டாம்.

நெல்லைச்சீமை
அப்படியென்றால் எனக்கு முதலில் அனுப்புங்கள் ஐயா.

தாம்பரம்_மாடி
பக்கத்து வீட்டு மீட்டரில் அளந்தேன். ஊற்றும் தண்ணீர் 1,460. அடியில் வடிந்தது 3,100. கை நடுங்கிவிட்டது. இப்போது என்ன செய்ய? மழையும் இல்லை.

கோவைக்கொடி
பயப்படாதீர்கள், உப்பைக் கழுவி வெளியேற்றலாம். மாநகராட்சிக் குழாய் நீரை மேலிருந்து மெதுவாக, அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும். வடியும் நீர் ஊற்றும் நீருக்குப் பக்கத்தில் வரும்வரை செய்ய வேண்டும்.

அப்புறம் இரண்டு சாக்கை மட்டும் பிரித்து, அலசிய நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து புதிதாக விதையுங்கள். விதையை மணலோடு கலந்து தூவி மேலே மெல்லிசாக மூடினால் போதும். எறும்பு தூக்கும் என்றால் சுற்றிலும் கொஞ்சம் ரவை போடுங்கள், அது ரவையை எடுத்துக்கொண்டு போய்விடும். மற்ற இரண்டு சாக்கின் பக்க ஓட்டைகளில் கொடிப்பசலையும் புதினாவும் தண்டாகச் செருகுங்கள். தண்டில் உணவு இருப்பு இருக்கும், விதையைப் போலச் சட்டென்று சோராது.

வேர்க்கடலை
குழாய்த் தண்ணீர் போதவில்லை என்றால், வீட்டில் ஏ.சி. ஓடுகிறதா? அதன் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே இருக்காது. இரவில் கீழே ஒரு வாளி வையுங்கள். ஆர்.ஓ. மிச்ச நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சகவ்யப்பிரியன்
உப்பு என்று தெரிந்த பிறகு நானே சொல்கிறேன், இப்போது பஞ்சகவ்யம் வேண்டாம். அதிலும் உப்பு உண்டு. நான்கு இலை வந்த பிறகு பாதி அளவில் தெளியுங்கள்.

தாம்பரம்_மாடி
மன்னிக்கவும், நாளாகிவிட்டது. கழுவினேன், வடியும் நீர் 700க்கு வந்தது. பழைய நாற்று பாதிக்கு மேல் போய்விட்டது. புதுக் கலவையில் விதைத்த சிறுகீரையை இன்று 24ஆம் நாள் பறித்தோம், ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல். மாமியாரே பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல் செய்தார். ஏ.சி. வாளியை இப்போது அவர்தான் மாடிக்குத் தூக்கிப் போகிறார். எல்லாருக்கும் நன்றி.

கோவைக்கொடி
நிறைந்த மகிழ்ச்சி! புதினா, பசலை என்னாயிற்று? பசலைக்கு ஏற ஒரு கயிறு கட்டினீர்களா?

மண்வாசி
24 நாளில் பறித்திருக்கிறீர்கள், நன்று. தபால் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பொன்னாங்கண்ணித் தண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.