வாசத்துக்கு சாப்ரோ ஹாப்ஸ் மட்டும் போட்டு ஐபிஏ பியர் காய்ச்சினேன். தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் வந்தது

சியாட்டில் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டி இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் யாக்கிமா பள்ளத்தாக்கு. பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற பூ ஹாப்ஸ், அமெரிக்காவில் விளைவதில் பெரும்பகுதி அங்கேதான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆறு வருடமாக சிட்ரா, மொசைக், சிம்கோ என்று மூன்று வகைகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். போன வசந்தத்தில்தான் புதிதாக ஒன்றைப் பார்க்கலாம் என்று சாப்ரோ வாங்கினேன்.

ஹாப்ஸ் வகைகள் பலவும் முதலில் வெறும் எண்ணாகத்தான் வருகின்றன. சிட்ரா ஒரு காலத்தில் எச்பிசி 394, மொசைக் எச்பிசி 369. இந்த சாப்ரோ எச்பிசி 438 ஆக இருந்து 2018இல் பெயர் வாங்கியது. நியூ மெக்ஸிகோ மலைகளில் தானாக வளரும் காட்டு ஹாப்ஸின் வம்சம் இதில் கலந்திருக்கிறது. பாக்கெட்டில் ஆரஞ்சு, தேங்காய், புதினா என்று போட்டிருந்தது. தேங்காய் என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. நம் ஆளுக்குத் தேங்காய் பிடிக்காமல் போகுமா?

அளவு இதுதான். 20 லிட்டருக்கு 5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), 500 கிராம் ஓட்ஸ், 400 கிராம் கோதுமை மால்ட். கசப்புக்கு மேக்னம் என்ற ஹாப்ஸ் 15 கிராம், ஒரு மணி நேரக் கொதி. அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு இறக்கி, சாப்ரோ 60 கிராம் போட்டு 20 நிமிடம் சுழல விட்டேன். நொதித்து முடிந்ததும் டிரை ஹாப், அதாவது கொதிக்க வைக்காமல் அப்படியே பியரில் போடும் ஹாப்ஸ், அதுவும் முழுக்க சாப்ரோ, 120 கிராம். அடர்த்தி 1.062இல் தொடங்கி, சர்க்கரை கரைந்து ஆல்கஹாலாக ஆக இறங்கி, 1.012இல் நின்றது. ஆல்கஹால் கிட்டத்தட்ட ஆறரை சதவீதம். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

கெக் பீப்பாயிலிருந்து முதல் கிளாஸைப் பிடித்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் குடிக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "என்னங்க இது, தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வந்த மாதிரி இருக்கு?" என்றாள்.

அவள் சொல்லும்வரை எனக்கு அது தேங்காய்ப்பால் பாயசமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு வேறெதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், ஈரத்தலை, துண்டு, எல்லாம் ஒரு கிளாஸ் பியரில். இங்கத்திய நண்பர்கள் இருவர் வந்து அதையே "பினா கொலாடா மாதிரி பிரமாதம்" என்று இரண்டு கிளாஸ் குடித்தார்கள். அவர்கள் யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வளர்ந்தவர்கள் இல்லை.

மூன்று வாரத்தில் தேங்காய் கொஞ்சம் அடங்கியது. புதினா அடங்கவில்லை.

அடுத்த பேட்சில் மொத்த டிரை ஹாப் 120 கிராமில் சாப்ரோ 20 மட்டும், மீதி சிட்ராவும் மொசைக்கும். இப்போது அது கறிவேப்பிலை போல இருக்கிறது. இருப்பது தெரிகிறது, மேலேறி உட்காரவில்லை. இப்போதெல்லாம் புது ஹாப்ஸ் எதுவானாலும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுகிறேன். கடையில் கிடைக்கும் சப்பென்ற லாகர் பியர் ஒரு பாட்டில், அதில் 2 கிராம் பெல்லட் (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய துண்டுகள்), மறுபடி மூடி இரண்டு மூன்று நாள் பிரிட்ஜில். பெல்லட் விழுந்ததும் நுரை பொங்கும், கை தயாராக இருக்கட்டும். கழுவுதொட்டிக்கு மேல் செய்யுங்கள். முதல் தடவை நான் சோபாவில் உட்கார்ந்து செய்தேன்.

உங்களுக்குப் புது ஹாப்ஸ் என்ன செய்தது? எழுதுங்கள்.

*

வெலிங்டனிலிருந்து:

எனக்கு ஆனது வேறு கூத்து. இங்கே நெல்சன் பக்கம்தான் நியூசிலாந்தின் ஹாப்ஸ் தோட்டங்கள். நெல்சன் சாவின் என்ற வகைக்கு சாவின்யோன் பிளாங்க் திராட்சையை வைத்துத்தான் பெயர். அந்த வெள்ளை ஒயினின் வாசம் இதிலும் வரும். பாக்கெட்டில் "கூஸ்பெர்ரி" என்று போட்டிருந்தான். நான் என்ன நினைப்பேன்? நெல்லிக்காய்! பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்களே, அந்தத் துவர்ப்பு, அப்புறம் தண்ணீர் குடித்தால் வருகிற இனிப்பு. அதை எதிர்பார்த்து 100 கிராம் வாங்கிக் காய்ச்சினேன்.

வந்தது ஏதோ பச்சைத் திராட்சையும் வெட்டின புல்லும் போல. துவர்ப்பைக் காணோம். ஹாப்ஸ் கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வருடம் கழித்து உழவர் சந்தையில் நிஜக் கூஸ்பெர்ரி வாங்கித் தின்ற பிறகுதான் விளங்கியது. அது வேறு செடி, நம் நெல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அகராதிக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள், மாட்டிக்கொண்டது நான். அந்த பியர் உண்மையில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பாதியைக் கீழே கொட்டியாகிவிட்டது.

*

மெல்போர்னிலிருந்து:

என் கதையில் வாசனை நன்றாகவே வந்தது. எக்லிப்ஸ் என்ற ஹாப்ஸ் போட்டேன், கமலா ஆரஞ்சுத் தோலை உரித்து முகத்தருகே பிதுக்கினால் கண் எரியுமே, அப்படியே அந்த வாசம். கெட்டுப்போனது பொறுமையின்மையால். டிரை ஹாப்புக்கு முன்னால் அடர்த்தியை அளந்தேன், 1.012. சரி, முடிந்துவிட்டது என்று நினைத்து ஹாப்ஸைப் போட்டு, மூன்றாம் நாள் மறுபடி அளக்காமல் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் இரவு கராஜில் படார் என்று சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் நான்கு பாட்டில் சுக்குநூறு.

இதற்கு ஹாப் கிரீப் என்று பெயர். ஹாப்ஸில் கொஞ்சம் நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிச்சம் கிடக்கும் டெக்ஸ்ட்ரினை அவை உடைத்துச் சர்க்கரையாக்கிக் கொடுக்கும். தூங்கப்போன ஈஸ்ட் எழுந்து மறுபடி பந்திக்கு உட்காரும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, 1893இலேயே பிரௌன், மோரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த விஷயம். உடையாத பாட்டில்களை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, தடிமனான கையுறை மாட்டித் திறந்தேன். அளந்தால் 1.008. இப்போது டிரை ஹாப்புக்குப் பிறகும் இரண்டு நாள் விட்டு இரண்டு முறை அளந்து, எண் அசையவில்லை என்றால்தான் பாட்டில். வெண்ணெய் பாப்கார்ன் வாசம் வந்தாலும் அவசரப்படாதீர்கள், ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

*

கலிபோர்னியாவிலிருந்து ஒரு குறிப்பு மட்டும்: வீட்டில் நாய் இருந்தால் வடித்த ஹாப்ஸை உரக்குழியில் போடாதீர்கள். நாய்க்கு அது விஷம். உடம்புச் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். என் நாய் பிழைத்தது, மருத்துவச் செலவில் இரண்டு கெக் வாங்கியிருக்கலாம்.

*

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம், விற்கக்கூடாது. அதனால் ஒரு பேட்ச் சொதப்பினால் மாதமே போன மாதிரி. வெயிலுக்கு வோஸ் க்வைக் ஈஸ்ட் போட்டேன். 35 டிகிரியிலும் அசராது, மூன்று நாளில் முடித்துவிடும். பிரச்சினை அதற்கப்புறம்தான். மங்கலான ஐபிஏவைத் திறந்த வாளியிலிருந்து குழாய் போட்டு பாட்டிலில் இறக்கினேன். மஞ்சளாக இருந்தது இரண்டே வாரத்தில் புளி கரைத்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வாசனை நனைந்த அட்டைப்பெட்டி. ஹாப்ஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் காற்று பட்டால் கெடும் என்று படித்திருந்தேன். படித்தது போதவில்லை. புது ஹாப்ஸின் ருசி என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது, அட்டையின் ருசி தெரியும்.

*

சியாட்டில் பக்கத்திலிருந்து, மீண்டும்:

வெலிங்டன் சகோ, நெல்லிக்காய் கதையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தலை எண்ணெயை விட அதுதான் மேல் என்கிறாள். என் ஃப்ரீஸரில் நெல்சன் சாவின் 50 கிராம் கிடக்கிறது. நேற்றிரவு லாகர் பாட்டிலில் 2 கிராம் போட்டு வைத்துவிட்டேன், இந்த முறை கழுவுதொட்டிக்கு மேல்தான். சனிக்கிழமை திறக்கும்போது பாக்கெட்டை ஒளித்துவைத்துவிட்டு, அவளிடம்தான் முதலில் நீட்டப்போகிறேன்.