அகழியில் வண்டல், பில்லில் வெட்டு

பாலக்காடு மாவட்டம் எருத்தேம்பதி பக்கம் தென்னந்தோப்பு எனக்கு. மண் பாதுகாப்புத் திட்டத்தில் எங்கள் குழுவுக்கு வரப்பும் அகழியும் அனுமதியானது. குழுவின் பொறுப்பாளர் (கன்வீனர்) நான்தான். வெட்டி முடித்ததும் மழை. அகழியில் பாதி வண்டல். வேலையை அளக்கும் ஓவர்சியர் இப்போது வந்து, இருக்கிற ஆழத்துக்குத்தான் பில் என்கிறார். ஆட்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. என்ன செய்யலாங்க?

பதில் (ஓய்வுபெற்ற ஓவர்சியர், சித்தூர்): ஓவர்சியர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பணம் வராது தம்பி. ஆனால் வண்டல் பொலபொலவென்று இருக்கும், அடிமண் கெட்டி. அவர் முன்னாலேயே இரண்டு மூன்று இடத்தில் தோண்டிக் காட்டி, அசல் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். எடுத்த மண் வரப்பாக நிற்குமே, அதையும் டேப் வைத்துப் பார்க்கட்டும். வேலைக்கு முன் எடுத்த தரைமட்ட அளவு (லெவல்), தேதியுள்ள போட்டோ இருந்தால் மனுவோடு சேருங்கள். வாய்ப்பேச்சு ஃபைலில் ஏறாது.

பதில் (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர்): வேளாண் வங்கியான நபார்டின் ஆர்.ஐ.டி.எஃப். (ஊரகக் கட்டமைப்பு வளர்ச்சி நிதி) பணமா? 1995-96இல் தொடங்கிய அந்த நிதியின் கடன், தொடக்க முன்பணம் போக, மாநிலம் முதலில் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் கிடைக்கும். அளவு சரியானாலும் கருவூலத்தில் காத்திருக்க வேண்டிவரும். நிதியாண்டு முடியும் மார்ச் என்றால் நெரிசலைக் கேட்கவே வேண்டாம்!

கேட்டவர்: போட்டோ மேஸ்திரி போனில் இருக்குங்க. திங்கட்கிழமை தோண்டிக் காட்டுகிறேன்.