வார்டில் வன்முறை அபாயம்: மதிப்பெண் போட்டால் போதுமா?

இரவுப்பணி: தீவிர மனநல வார்டுகளில் ஷிஃப்டுக்கு ஒருமுறை, யார் வன்முறையில் இறங்கக்கூடும் என்று கணிக்கும் புரோசெட் (Brøset) பட்டியல் போட வேண்டும் என்பது என் கட்சி. நார்வேயில் உருவானது. பார்க்க வேண்டியது ஆறுதான்: குழப்பம், எரிச்சல், கூச்சல் ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், கை ஓங்குவது, பொருள்களைத் தாக்குவது. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 3 வந்தால் உடனே தடுப்புத் திட்டம் வேண்டும். எப்போதுமே சத்தமாகப் பேசுகிறவருக்கு அதற்காக 1 போடக் கூடாது. வழக்கத்தைவிடக் கூடியிருந்தால்தான் புள்ளி. பலரும் சறுக்குவது இங்கேதான்.

கணக்குப்பிள்ளை: நேத்து ராத்திரி அட்மிட் ஆனவருக்கு வழக்கம் எதுன்னு யார் சொல்வாங்க? சரி, கணக்குக்கு வருவோம். 100 பேர்ல 5 பேர் கை நீட்டுவாங்கன்னு வைங்க. இந்தப் பட்டியல் கை நீட்டுறவர், நீட்டாதவர் ரெண்டு பக்கமும் 80 சதவீதம் சரின்னே வைங்க. அந்த 5-ல 4 பேரைப் பிடிக்கும், மீதி 95-ல 19 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 23 கேஸ் ஷீட்ல 'ஆபத்தானவர்'னு சிவப்பு மை. அடுத்த அட்மிஷனுக்கும் அது கூடவே வரும்.

இரவுப்பணி: பட்டியல் பேசுவது அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டும், பிறகு அது காலாவதி. 3 என்றால் அமைதிப்படுத்தும் ஊசி என்றும் பொருளில்லை. கூட்டத்தைக் கலைத்து, ஒருவர் மட்டும், கைக்கு எட்டாத தூரத்தில், கதவை மறிக்காமல் நின்று பேச வேண்டும். வலியா, பசியா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, குடி நின்றதால் வரும் நடுக்கமா என்று பார்க்க வேண்டும். 19 பேரிடம் வீணாகக் கனிவாகப் பேசினால் என்ன நஷ்டம்?

கணக்குப்பிள்ளை: ராத்திரி ஒரே நர்ஸ் இருக்கிற வார்டுல கனிவு எங்க சார்? துணிதான் வரும், கட்ட. 2017 மனநலச் சட்டம் 97-ஆம் பிரிவைப் பாருங்க: ஆள் குறைவுன்னு கட்டக் கூடாது, தனியா அடைக்கவே கூடாது, கட்டினா நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளி சார்பா முடிவெடுக்க உதவுறவர்) 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். இன்னொண்ணு, ஹாலோபெரிடால்ங்கிற மனநோய் மருந்து போட்டபிறகு கால் தரிக்காம நடக்கிறவருக்கு 'எரிச்சல்'னு 1 போட்டு, மறுபடி அதையே ஏத்துவாங்க. மருந்து கொடுத்த தவிப்புக்கு அதே மருந்து!

ஓபி12: அது உண்மை, அகதீசியாவை, அதாவது மருந்தால் வரும் இந்தத் தவிப்பை, தவறவிடுவது சகஜம். ஊசி தவிர்க்க முடியாதென்றால் ஹாலோபெரிடாலைத் தனியாகப் போடாதீர்கள். கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்ளும். வேலூர் சிஎம்சியில் 200 பேரிடம் நடந்த ஆய்வில் (2004) 10 மி.கி. ஹாலோபெரிடாலும் 25–50 மி.கி. புரோமெதசினும் (ஒவ்வாமை மருந்து, தூக்கமும் தரும்) சேர்ந்து, 4 மி.கி. லோராசெபம் என்ற மயக்க மருந்தைவிட வேகமாகத் தூங்கவைத்தன. குப்புறப் படுக்கவைத்து அழுத்தக் கூடாது, மூச்சு முட்டும்.

கணக்குப்பிள்ளை: அப்போ பட்டியல்ல ஏழாவதா 'கடைசி ஊசி எப்போ?'ன்னு ஒரு கட்டம் சேருங்க.

இரவுப்பணி: புள்ளியில் சேர்த்தால் 3 என்ற வரம்பே குலையும். தாளின் தலையில் எழுதிவைக்கலாம், அதற்குச் சம்மதம்.