பசளையோடு வந்த முள்ளுக்கீரை

களுவாஞ்சிகுடி அக்கா:
2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்த நேரம்தான் நானும் வளவு மூலையில் கொம்போஸ்ட் குவிக்கத் தொடங்கினேன். மாட்டெரு, வைக்கோல், குசினிக் கழிவு, பிடுங்கிய புல் எல்லாம் ஒரே குவியல். நாலு மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று வந்தது. பெருமையோடு தண்டுக்கீரைப் பாத்தியில் கொட்டினேன். பத்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. விதைத்தது ஒரு பிடி, முளைத்ததோ ஒரு கடகம்! கணுவில் முள் கண்ட பிறகுதான் பாதிக்கு மேல் முள்ளுக்கீரை என்று விளங்கியது. சின்னதில் என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் மாட்டைத்தான் திட்டினேன். மாட்டின் வயிற்றுக்குள் போயும் சாகாத விதைகள் உண்டு, அது உண்மை. ஆனால் பிழை என்னுடையது. குவியல் முழங்கால் உயரம்தான், சூடே ஏறவில்லை. குப்பை மக்கியது, விதை வேகவில்லை. இப்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாமல் ஒரே நாளில் கட்டுகிறேன். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒரு துளி விழுகிற ஈரம் போதும். மூன்றாம் நாள் இரும்புக் கம்பியைச் செருகி இழுத்தால் கை பொறுக்காது. 55 - 60 பாகை செல்சியஸ் சில நாள் நின்றால் பெரும்பாலான விதை செத்துவிடும். ஓரத்தில் கிடப்பதற்கு அந்தச் சூடு படாது. அதனால் சூடு இறங்கும்போதெல்லாம் வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டுகிறேன், மூன்று தரமாவது.

நிந்தவூர்த் தம்பி:
சரி அக்கா, மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கிற விதைக்கு? நான் போன கோடையில் பாத்தியை மட்டப்படுத்தி, நன்றாக நனைத்து, வெயில் சூட்டில் விதை வேகட்டும் என்று பொலித்தீன் மூடி ஆறு கிழமை விட்டேன். நிறமில்லாத பொலித்தீன்தான் வேணும். அதற்கு முந்தின வருசம் கறுப்பைப் போட்டு, புல் வெளிறியதோடு சரி. ஓரத்தைச் சாண் ஆழத்தில் புதைக்காவிட்டால் கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஆடு மிதித்துக் கிழிந்த இடத்தில் மட்டும் தட்டளவுக்குப் புல் நின்றது. மற்ற இடமெல்லாம் மேல்மண் சுத்தம். அதன் பிறகு ஆழமாகக் கொத்தக் கூடாது, அடியில் கிடக்கிற விதை மேலே வந்துவிடும். கோரை மட்டும் அசையவில்லை.

திருக்கோவில் ஊரிலிருந்து ஒருவர்:
என்னிடம் நாலைந்து பூச்சாடிதான். பழைய பானையில் தண்ணீர் கொதிக்க, மேலே துணியில் ஈரமண், பிட்டு அவிக்கிற மாதிரி. ஆவி மேலே வந்ததும் அரை மணித்தியாலம். முற்றத்தில் கல் அடுப்பு மூட்டிச் செய்யுங்கள். குசினிக்குள் ஒருதரம் செய்துவிட்டு, "இன்றைக்கு மண் பிட்டா?" என்று பேரன் கேட்டது இன்னும் ஓயவில்லை.

களுவாஞ்சிகுடி அக்கா:
தம்பி, கோரையின் கிழங்கு ஆழத்தில் கிடக்கிறது, அங்கே வெயில் எட்டாது. எனக்கு இன்னும் மண்வெட்டிதான். நேற்றும் அரைச் சாக்குக் கிழங்கு அரித்தெடுத்தேன். குவியலில் போடவில்லை. கிணற்றுக்கட்டில் பரப்பி வெயிலில் காயவிட்டிருக்கிறேன்.