மறு: மறு: பிட்டர்ஸ் - கசப்புச் சாறா, கைப்பூறலா, வெறும் கைப்பா?

> ஓல்ட் ஃபேஷன்ட்ங்கற விஸ்கி காக்டெயில் பத்தின கட்டுரைய தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், அதுல கொஞ்சமே கொஞ்சம் விடற பிட்டர்ஸ்ங்கற கசப்புப் பொருளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காம நின்னுடுச்சு. 'கசப்புச் சாறு'ன்னு போட்டுட்டு மேல போயிடலாமா?

தம்பி, வேணாம். மத்ததுல எதுல வேணா சமாதானம் ஆகலாம், இதுல ஆகக்கூடாது, ஏன்னா காக்டெயில்ங்கறதே இந்த ஒரு பொருள வச்சுதான் நிக்குது. 1806 மே மாசம் நியூயார்க் மாநிலத்துல ஹட்சன்ங்கற ஊர்ல வந்த ஒரு பத்திரிகையில, காக்டெயில்னா என்னங்கன்னு ஒரு வாசகர் கேக்க, ஆசிரியர் பதில் எழுதினாரு: காய்ச்சி வடிச்ச மது எதுவா இருந்தாலும் சரி, கூட சர்க்கரை, தண்ணி, பிட்டர்ஸ், இந்த நாலும் சேர்ந்ததுதான்னு. முதல் மூணு மட்டும் இருந்தா அதுக்கு ஏற்கனவே ஸ்லிங்னு பேரு இருந்துச்சு, நாலாவது விழுந்தாதான் காக்டெயில். 1862ல ஜெர்ரி தாமஸ்னு ஒரு அமெரிக்க பார்டெண்டர் போட்ட புத்தகத்துலயும் பஞ்ச், சோர், டாடின்னு மத்த மதுக் கலவைகள் எல்லாம் தனித்தனிப் பகுதி, காக்டெயில் தனிப் பகுதி. இப்ப நாம எல்லாத்தையும் ஒரே பேர்ல கூப்பிடறோம், அது வேற விஷயம்.

சாறுன்னா பிழிஞ்சு எடுக்கறது. கரும்புச்சாறு, இஞ்சிச்சாறு. 'கசப்புச் சாறு'ன்னு படிச்ச உடனே பாகற்காய் ஜூஸ்தான் கண்ணு முன்னாடி வரும். அதவிட பெரிய சிக்கல், நிறைய காக்டெயில் குறிப்புகள்ல எலுமிச்சைச் சாறு 20 மில்லின்னு இருக்கும், அதுக்குப் பக்கத்துல கசப்புச் சாறுன்னு போட்டா இதையும் அதே அளவுக்கு ஊத்திடுவாங்க, அவ்வளவுதான், க்ளாஸ் வாயிலயே வைக்க முடியாது.

பொருள் என்னன்னு பாத்தா, ஜென்ஷியன் மாதிரி கசப்பான வேர், மரப்பட்டை, ஆரஞ்சுத் தோல், வாசனைச் சாமான் இதையெல்லாம் கடுமையான மதுவுல நாள்கணக்குல ஊறப் போட்டு வடிக்கறது. நம்ம நிலவேம்புக் குடிநீர் தண்ணியில கொதிக்க வச்சு அன்னைக்கே குடிக்கறது, இது மதுவுல ஊறுறதால வாசனை எண்ணெயும் இறங்கும், வருஷக்கணக்குல கெடவும் கெடாது. ஆரம்பத்துல இதுவும் மருந்துதான். ஜொஹான் சீகெர்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர், வெனிசுவேலாவுல விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரோட படையில வேலை பாத்தவரு, வயித்துக் கோளாறுக்குன்னு 1824ல உருவாக்குனதுதான் அங்கோஸ்துரா. அது அவர் இருந்த ஊரோட அப்போதைய பேரு, இன்னைக்கு சியுதாத் பொலிவார். 1875ல தொழில் டிரினிடாட்டுக்குப் போச்சு, இன்னைக்கும் அங்கதான் தயாராகுது. நியூ ஆர்லியன்ஸ்ல பேஷோன்னு ஒரு மருந்துக்கடைக்காரர் செஞ்சது இன்னொண்ணு, சாசரக்னு அந்த ஊர் காக்டெயிலுக்கு அது இல்லாம ஆகாது.

இந்த இழையில ஐயா முன்னாடி சொன்ன 'கைப்பூறல்' (கைப்பு, அதாவது கசப்பு, கூட ஊறல்) செய்முறைக்கு ரொம்பப் பொருத்தம், நானும் முதல்ல அதுக்குதான் சாஞ்சேன். ஆனா 'சாராய ஊறல் அழிப்பு'ன்னு பேப்பர்ல படிச்சுப் படிச்சு ஊறல்னாலே பேரல்ல நொதிச்சுக் கிடக்கறதுதான் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வரும். இன்னொருத்தர் சொன்ன 'கசப்பு மது'வும் ஆகாது, ஏன்னா காம்பாரி மாதிரி க்ளாஸ்ல ஊத்திக் குடிக்கற கசப்பு மது தனியா ஒரு குடும்பமே இருக்கு, அதுக்கு அந்தப் பேர விட்டு வைக்கணும். அமெரிக்காவுல 1920லேந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்பகூட பிட்டர்ஸ் வித்துட்டுதான் இருந்தாங்க, தனியா குடிக்கற பானமா அத யாரும் கணக்குல எடுக்கல. அதுக்காக மதுவே இல்லைன்னு நினைச்சுடக் கூடாது, அங்கோஸ்துராவுல 44.7 சதவீதம் இருக்கு, சோடாவுல விட்டுக் குடிக்கறவங்களுக்கு இத கட்டுரையில கண்டிப்பா சொல்லணும்.

அதனால என் ஓட்டு வெறும் 'கைப்பு'. அறுசுவையில உள்ள பழைய சொல், பேச்சுல கசப்பு அந்த இடத்த எடுத்துக்கிட்டதால இது நம்ம பக்கம் சும்மாவே கிடக்கு. ஆரஞ்சுக் கைப்பு, அங்கோஸ்துரா கைப்பு, பேஷோ கைப்புன்னு ஒட்டவும் சுலபமா இருக்கு.

குறிப்புகள்ல பிட்டர்ஸுக்கு வர்ற டேஷ்ங்கற அளவுக்கு 'சொட்டு'ன்னு போடாதீங்க. பாட்டில தலைகீழா ஒரு வெட்டு வெட்டுனா வர்றது அது, ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி, பல சொட்டு சேர்ந்தது. 'உலுக்கு'ன்னு வைக்கலாமா?

வீட்டுலயே கைப்பு போடலாமான்னு கேட்டிருந்தீங்க. ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், கிராம்பு எல்லாம் வோட்காவுல தாராளமா ஊற வைக்கலாம். சிங்கோனா பட்டை மட்டும் வேணாம். 1860கள்ல நீலகிரியில தோட்டம் போட்டு மலேரியாவுக்குக் கொய்னா மருந்து எடுத்தாங்களே அதே பட்டைதான், வீட்டுல அளவு புடிபடாது, கூடிப்போனா காது இரைச்சல், தலைசுத்தல்னு கொண்டு விடும்.

---

> பேச்சுல கசப்பு அந்த இடத்த எடுத்துக்கிட்டதால

அண்ணை, அது உங்கட பக்கம். யாழ்ப்பாணத்தில நாங்கள் இண்டைக்கும் பாவக்காய் கைக்குது எண்டுதான் சொல்லுறது, குமரிப் பக்கமும் அப்பிடித்தான் கதைக்கிறவை. அதால கைப்பு எண்டு மட்டும் போட்டா எங்களுக்கு அது வெறும் சுவைதான், போத்தல் ஞாபகம் வராது. ஆனா 'ரெண்டு ... கைப்பு' எண்டு அளவோட வந்தா ஒரு குழப்பமும் இல்லை, அதால எனக்கும் சம்மதம், கட்டுரையில முதல் தரம் வாற இடத்தில மட்டும் ஒரு வரி விளக்கம் போடுங்கோ.

உலுக்கு வேண்டாம். ஷேக் பண்ணுறதுக்குக் குலுக்கு எண்டு இந்தக் குழுவிலயே முடிவெடுத்தாச்சு, ஒரே குறிப்பில குலுக்கும் உலுக்கும் வந்தா வாசிக்கிறவை பாவம். கைய உதறுற மாதிரித்தானே போத்தலையும் உதறுறம், 'உதறு' எண்டு வைக்கலாம்.

---

நன்றி அண்ணா, நன்றி அக்கா. கைப்பும் உதறும் எடுத்துக்கறேன். இப்ப குறிப்பு இப்படி வந்திருக்கு, பாத்துச் சொல்லுங்க:

சர்க்கரைக் கட்டி ஒண்ண க்ளாஸ்ல போட்டு, அது மேல ரெண்டு மூணு உதறு அங்கோஸ்துரா கைப்பு, ஒரு டீஸ்பூன் தண்ணி விட்டு நசுக்கிக் கரைக்கவும். போர்பன் இல்லன்னா ரை விஸ்கி 60 மில்லி, பெரிய ஐஸ் கட்டி ஒண்ணு. குலுக்க வேணாம், நல்லா சில்லுனு ஆகற வரைக்கும் ஸ்பூனால கலக்குனா போதும். ஆரஞ்சுத் தோல க்ளாஸ் மேல மடக்கி அழுத்தி, தெறிக்கற எண்ணெய் மேலாப்புல படியற மாதிரி விட்டு, தோலயும் உள்ளயே போட்டுடலாம்.

19ஆம் நூற்றாண்டுக் கடைசியில பார்கள்ல புதுசு புதுசா லிகூர்ங்கற இனிப்பு மதுவெல்லாம் சேக்க ஆரம்பிச்சப்ப, எனக்கு அந்தப் பழைய மாதிரியே குடுங்கன்னு கேட்டவங்களாலதான் இதுக்கு இந்தப் பேரு வந்துச்சுங்கறதையும், அக்கா கேட்ட ஒரு வரி விளக்கத்தையும் முதல் பத்தியிலயே சேத்துட்டேன். க்ளாஸ்லயே இடிச்சு நசுக்கற மட்லிங்குக்கு இப்போதைக்கு 'நசுக்கு'ன்னுதான் விட்டிருக்கேன், மோஹீத்தோ கட்டுரையில புதினாவுக்கும் இதே சொல் சரிவருமான்னு தனி இழையில கேக்கறேன், இலைய அவ்வளவு நசுக்குனா கசந்துடுமே.