செங்கோட்டைப் பக்கம் பனோரமா பிலிம்: ஹொரைசான் போதுமா, எக்ஸ்பான்தான் வேணுமா?

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாரே, தெரிந்தவர் ஒருவர் ஹொரைசான் 202 என்கிற பனோரமா பிலிம் கேமராவைத் தருகிறேன் என்கிறார், விலை கையைக் கடிக்காது. இன்னொரு பனோரமா கேமராவான எக்ஸ்பான் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எனக்கு எடுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: புளியரை வயலில் நின்றால் தெரிகிற மலை வரிசை, அப்புறம் கழுதுருட்டி பதிமூணு கண் ரயில் பாலம். போன் பனோரமாவில் காற்றாலை இறக்கை துண்டு துண்டாக வருகிறது, ரயில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஹொரைசான் சரிப்படுமா?

சாரல்35:
மலைக்குச் சரி, பாலத்துக்கு யோசிங்க தம்பி. அதில் லென்ஸ் சுழலும், பிலிம் வளைந்து உட்கார்ந்திருக்கும், ஒரு கீற்று வழியாகத்தான் வெளிச்சம் விழுந்துகொண்டே போகும். 28 எம்எம் லென்ஸில் 120 டிகிரி கிடைப்பது அப்படித்தான். பாலத்துக்கு நேர் எதிரே கிட்டத்தில் நின்றால் நடுக்கண் உப்பி, ரெண்டு ஓரமும் சிறுத்துப் போகும். தள்ளி நின்றால் வளைவு குறையும், பாலமும் சுண்டுவிரல் அளவாகிவிடும். வியூபைண்டரில் தெரிகிற ரசமட்டக் குமிழை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க: கேமரா கொஞ்சம் குனிந்தால் தொடுவானம் மேடு தட்டும், நிமிர்ந்தால் தொட்டில் மாதிரி தொங்கும்.

வாங்குமுன் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்க, சுழற்சி திக்கினால் நெட்டுக்குத்தாகக் கோடு விழும். கீழே மாட்டுகிற கைப்பிடியையும் கேட்டு வாங்குங்க, இல்லாவிட்டால் ஓரத்தில் உங்கள் விரல்தான் நிற்கும்.

ஆரியங்காவு_ரோல்:
எக்ஸ்பான் வைத்திருக்கிறேன். ஹாசல்பிளாட்டும் பியூஜியும் சேர்ந்து 1998இல் கொண்டுவந்தது. லென்ஸ் சுழலாது, பாலம் நேராக நிற்கும். ஒரு படம் 24×65 எம்எம், சினிமாஸ்கோப்பை விட நீளம், 36 படம் எடுக்கிற ரோலில் 21தான் வரும். ஆனால் 45 எம்எம் லென்ஸில் ஓரம் இருட்டும், அதற்கு நடுவை மங்கலாக்கிச் சமன் செய்கிற சென்டர் பில்டர் போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போச்சு, லென்ஸே முழுக்கத் திறந்தாலும் எப்/4தான். சாரல் நேரத்தில் மரத்தடியில் வேகமான 400 ஐஎஸ்ஓ பிலிமே திணறும். எலக்ட்ரானிக்ஸ் படுத்துவிட்டால் பழுது பார்க்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உண்மையான சிரமம் கேமராவில் இல்லை. அவ்வளவு அகலத்தை நிரப்ப விஷயம் வேண்டும், மலை மட்டும் போதாது. இடது ஓரத்தில் நாற்று நடுகிறவர்கள், வலது ஓரத்தில் பகவதிபுரம் பக்கம் ஏறுகிற ரயில், நடுவில் வெறும் தண்ணீர், இப்படி ஒன்று அமைந்தால் கண் அங்குமிங்கும் நடந்து பார்க்கும். அதற்காகத்தான் இந்தத் தொல்லையெல்லாம்.

கம்பம்_லைட்:
லேப் கதையை யாரும் சொல்லவில்லையே! டெவலப் செய்த பிலிமை வழக்கமான ஆறு படக் கணக்கில் வெட்டினால் உங்கள் படம் நடுவில் ரெண்டாகிவிடும், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு ரோல் முழுக்க அப்படித்தான் போனது. “டெவலப் மட்டும், வெட்ட வேண்டாம்” என்று கவர் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்க. ஸ்கேனும் அவர்களிடம் வேண்டாம், சாதாரணப் படத்துக்கான 36 எம்எம் சட்டத்தில் இது அடங்காது. பிளாட்பெட் ஸ்கேனர் உள்ளவர் யாரையாவது பிடிங்க. டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு நெகட்டிவை எடுத்தால் நுணுக்கம் வேண்டும் என்பதற்காக ரெண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டிவரும், ஒட்டு வேலை பிடிக்காமல்தானே பிலிமுக்கே வருகிறீர்கள்!

புளியரைக்காரன்:
சரி அண்ணாச்சி, ஹொரைசானே எடுக்கிறேன். கைப்பிடி இருக்கிறதாம். பாலத்தை நேர் எதிரே விட்டுவிட்டு ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பார்க்கிறேன்.