பேப்பர் பார்க்காமல் 15 நிமிடம் பேசுவது எப்படி?

கேள்வி: அடுத்த வாரம் மேடையில் பேச வேண்டும். வரிக்கு வரி மனப்பாடம் செய்து பார்த்தேன், நடுவில் ஒரு சொல் நழுவினால் அதற்குப் பிறகு எல்லாமே போய்விடுகிறது. ஏதாவது உத்தி உண்டா?

பதில் 1: வரிகளை விடுங்கள், கருத்துகளை மட்டும் பிடியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி கண்ணை மூடிக்கொண்டே நடக்கக்கூடிய ஒரு பாதையை மனதில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கருத்தைப் படமாக்கி வைத்துவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் பற்றிப் பேசுவதென்றால், வாசல் கதவில் ஒரு பெரிய குழாய், அதில் வெறும் காற்று. படம் எவ்வளவு கிறுக்குத்தனமோ அவ்வளவு ஒட்டும். பேசும்போது அதே பாதையில் மனதுக்குள் நடந்தால் போதும். பழைய வித்தைதான் இது. விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபோது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் உடல்களை அடையாளம் காட்டினார் என்றொரு கதை உண்டு, ரோமானியப் பேச்சாளர் சிசரோவே அதை எழுதியிருக்கிறார்.

பதில் 2: சரிதான், ஆனால் 20 இடம் வைத்துக் குழம்பாதீர்கள், 15 நிமிடத்துக்கு ஆறேழு போதும். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள், நான் மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் போய் மேடையில் திணறியிருக்கிறேன்.

கேட்டவர்: புள்ளிவிவரம் நிறைய இருக்கிறதே?

பதில் 2: அதைச் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.